ஒரு நெடிலைக் குறிலாகக் கேட்டேன்

2005ஆம் ஆண்டின் வசந்த காலம். ஜெர்மனியில் ஹம் நகரத்தில், நான்காம் மாடி வீட்டை விட்டு, பின்னால் சின்னத் தோட்டம் உள்ள கீழ்வீடு ஒன்றுக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மகள் தன் பழைய வழக்கைத் திரும்ப எடுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. வழக்கு ஒன்றே ஒன்றுதான்: நாய் வேண்டும். "மாடியில நாய் வளக்க ஏலாது" என்று பல வருடமாகச் சொல்லித் தப்பி வந்த எனக்கு, இப்போது சொல்வதற்கு ஒரு சாட்டும் இல்லை.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "நாய் வரட்டும். ஆனா வீட்டுக்குள்ள வரக்கூடாது. சாமிப்படம் இருக்கிற பக்கம் தலை வச்சும் படுக்கக்கூடாது. வெளியில கிடக்கிற சாதியாப் பாத்து எடுங்கோ." அவளுக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. எனக்குக் கம்பித் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். எங்கள் வீட்டுக்கு எந்த நாய் பொருந்தும் என்று நாங்கள் யோசித்தது அவ்வளவுதான். வெளியில் கிடக்க வேண்டும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதித் தமிழாட்களுக்கு அப்போது ஜெர்மன் மொழியில் நான்தான் பெரிய ஆள். வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்துத் தேர்மின் எடுக்கவோ, அலுவலகத்துக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் நிரப்பவோ என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். "அண்ணை, ஒருக்கா இதைப் பாருங்கோ" என்று கடிதத்தை நீட்டுவார்கள். அந்த "அண்ணை"யில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. இத்தனைக்கும் நான் அந்த மொழியைப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் இல்லை. இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் காதால் பிடித்தது.

கைவிடப்பட்ட பிராணிகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகத்துக்கு மூன்று பேரும் போனோம். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெண் நாய், மற்றவை எல்லாம் குரைத்துக்கொண்டிருக்க, தான் மட்டும் குரைக்காமல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. மகள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அங்கே பொறுப்பாக இருந்த ஜெர்மன் அம்மா, இரண்டு குடும்பங்கள் கொண்டுபோய்த் திருப்பி விட்ட நாய் இது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது ஹூட்டெ-ஹுண்ட். அதென்றால் என்னவென்று தெரியும்தானே?" என்று கேட்டார்.

"நட்டூர்லிஷ்" என்றேன் நான். தெரியாமல் என்ன என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்ததாக நான் நினைத்தது இதுதான். ஹுட்டெ என்றால் குடில். ஹுண்ட் என்றால் நாய். ஆக, குடிலில் இருக்கிற நாய். வேட்டைக்கு ஒரு நாய், காவலுக்கு ஒரு நாய் என்று இவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சாதி வைத்திருப்பார்கள், குடிலுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மனைவியைப் பார்த்து, "நீர் கேட்ட சாதிதான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்த அம்மா விடவில்லை. "வேலை இருக்க வேண்டும், வேலை மிக முக்கியம்" என்றார். இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தானே? "எங்கள் இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாரம் கழித்து வந்து நாயைக் கூட்டிப்போகலாம், மூன்று கிழமை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நாய் வருவதற்கு முன்பே, இரண்டு சனிக்கிழமை பின்னேரம் செலவழித்து, தோட்டத்தில் குடில் ஒன்று கட்டி முடித்தேன். கூரைக்குத் தார்த்தாள் எல்லாம் அடித்து, நானே உள்ளே படுக்கலாம் போல இருந்தது. நாய் அதற்குள் ஒரு தரம்கூடத் தலையை நீட்டவில்லை. வேலி ஓரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி ஓடி, மூன்றாம் நாள் புல் தேய்ந்து ஒற்றையடிப்பாதையே விழுந்துவிட்டது. அன்றைக்கு மழை. நிபந்தனை போட்ட மனைவியே, சமைக்கிற குசினியின் கதவைத் திறந்தாள்.

உள்ளே வந்த பிறகுதான் வேடிக்கை. நாங்கள் மூவரும் மூன்று அறையில் இருந்தால் எங்கள் நாய்க்கு இருப்புக் கொள்ளாது. ஒவ்வொருவருடைய காலையும் மூக்கால் இடித்து இடித்துக் குசினிக்குக் கூட்டிவந்து, எல்லாரும் ஒன்றாக இருந்த பிறகுதான் படுப்பாள். "இதென்னப்பா, உங்கட அம்மா மாதிரி எல்லாரையும் ஒண்டாச் சாப்பிட இருத்துது" என்று மனைவி சிரித்தாள். எனக்கும் அந்த நாய் மேல் பாசம் வந்துவிட்டது.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் குடும்பமும் இன்னும் இரண்டு குடும்பங்களும் சாப்பிட வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஏழு பேர் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாய் பதுங்கிப் பதுங்கி அவர்களைச் சுற்றிவந்து, கொஞ்ச நேரத்தில் ஏழு பேரையும் ஒரு மூலையில் சேர்த்துவிட்டது. யன்னலால் பார்த்து நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அப்போது மச்சானின் நாலு வயது மகன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஓடினான். நாய் பின்னாலேயே பாய்ந்து அவன் குதிக்காலைப் பிடித்தது. பிள்ளை குப்புற விழுந்தது.

இரத்தம் வரவில்லை. காலுறை கிழிந்து, தோலில் இரண்டு சிவப்புப் புள்ளி. ஆனாலும் பிள்ளை வீறிட்டதில் எல்லாருக்கும் உயிர் போய் வந்தது. நான் அந்தக் காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் பட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்?

மச்சான் கொதித்துப்போனான். "கடிநாயைக் கொண்டுவந்து பிள்ளையளுக்க விட்டிருக்கிறாய். கடிச்சதெண்டு எழுதிக் குடுத்திட்டு நாளைக்கே விட்டிட்டு வா!" எனக்கும் அதுவே சுலபமாகப் பட்டது. நாயின் பிழை என்றால் என் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் எழுதினால் என்ன ஆகும் என்று காப்பகத்தில் பார்த்திருந்தேன். கடித்தது என்று பதிந்த நாய்கள் பின்வரிசையில் இருந்தன. அவற்றை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இவள் ஏற்கெனவே இரண்டு தரம் திரும்பி வந்தவள்.

எல்லாரும் போன பிறகு மகள் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குசினி மூலையில் இருந்தாள். "அவள் கடிக்கேல்லை அப்பா. ஆட்டுக்குட்டி விலகிப்போனா இப்பிடித்தான் காலிலை பிடிச்சுத் திருப்பும். அதுதானே ஹூட்டெ-ஹுண்ட்" என்றாள். அந்த "ஹூ"வை நன்றாக நீட்டினாள்.

"என்ன?"

"ஹூட்டென் எண்டால் மேய்க்கிறது அப்பா. நீங்கள் கட்டி வச்சிருக்கிறது ஹுட்டெ. அது வேற. அந்த அம்மா வேலை வேணும் எண்டு சொன்னதும் நாய்க்குத்தான்."

கோப்பை கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். நான் அப்போது சனிக்கிழமைக் காலைகளில் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தேன். "ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் குறில் நெடில் படிப்பிக்கிற வாத்தியார்!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று மகளைக் கேட்டேன்.

"அண்டைக்கே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே சொன்னீங்கள், வெளியாக்களுக்கு முன்னால என்னைத் திருத்தாதை எண்டு. பிறகு வீட்டை வந்து சொல்லியிருக்கலாம். ஆனா சொன்னா நாய் வராது."

அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, தெரிந்த ஒருவருக்காக ஓர் அலுவலகத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்ற மகள் என் ஒரு சொல்லைத் திருத்தினாள். அந்த அதிகாரி புன்னகைத்தார். அந்தப் புன்னகை பொறுக்காமல், காரில் வரும் வழியெல்லாம் பிள்ளையை அழ அழ ஏசியிருந்தேன். நான் மறந்தே போய்விட்டேன். அவள் மறக்கவில்லை.

நாயின் பிழை இல்லை என்றாலும், பிள்ளைகள் வந்துபோகிற வீட்டில் அவளை வைத்திருக்க எனக்குத் துணிவு வரவில்லை. மறுநாள் நாயுடன் நானும் மகளும் காப்பகத்துக்குப் போனோம். திருப்பி ஒப்படைப்பதற்கு ஒரு படிவம். அதில் காரணம் எழுத இரண்டு வரி இடம். ஊராருடைய படிவமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிற எனக்கு, அந்த இரண்டு வரியில் பேனை ஓடவில்லை. "கடித்தது" என்ற சொல் விரல் நுனிவரை வந்தது. கடைசியில் உள்ளதை எழுதினேன். ஹூட்டெ-ஹுண்ட் என்பதைக் குடில் நாய் என்று நான் பிழையாக விளங்கிக்கொண்டேன், ஓடிய பிள்ளையை அவள் ஆடு மாதிரி மறித்ததில் காலுறை கிழிந்தது, நாய் நல்ல நாய், அவளுக்கு மேய்க்க ஏதாவது வேண்டும், எங்கள் வீட்டில் அது இல்லை. வரி போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

எழுதி முடித்து, அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கவே தாளை மகளிடம் நீட்டினேன். "பிழை இருந்தாத் திருத்து பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு பேனையை வாங்கி மூன்று இடத்தில் திருத்தினாள்.

அந்த அம்மா ஓரத்தில் எழுதியதையும் விடாமல் வாசித்தார். "இந்தக் கட்டத்தில் எல்லாரும் நாயின் குற்றத்தைத்தான் எழுதுவார்கள்" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது மகள் அழுதுகொண்டே வந்தாள். நான் தடுக்கவில்லை. என் கண்ணும் சரியாக இல்லை. சில மாதம் கழித்து, ஆடு வளர்க்கும் ஒரு குடும்பம் அந்த நாயை எடுத்துக்கொண்டது என்று ஒரு படம் தபாலில் வந்தது. புல்வெளியில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த குளிர்காலத்தில் நடக்கவே பஞ்சிப்படுகிற, சோம்பேறியான ஒரு கிழட்டு நாயை எடுத்தோம். அந்த முறை காப்பகத்தில் கேள்வி கேட்டதெல்லாம் மகள்தான். எங்களுக்கு அது அளவான நாயாக இருந்தது.

இப்போது மகள் யார் முன்னாலும் தயங்காமல் என்னைத் திருத்துகிறாள், எனக்கும் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் என் ஏச்சுக்குப் பயந்து அவள் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடத்தில் இன்னும் என்னென்ன சொல்லாமல் விட்டிருப்பாளோ என்று நினைத்தால், இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.