எனிட் படுத்துப் பார்க்காத கட்டில்

ஸ்கார்விக் ஊருக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான். கீழே கடலோரத்தில் தங்குவதா, மேலே மேட்டு நிலத்தில் தங்குவதா? கணினியில் அறை பிடிக்கும் காலம் அப்போது வரவில்லை. கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய தகரக் கொட்டகைக்குப் போய், தகவல் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனிட் டௌசனைத்தான் கேட்க வேண்டும். எனிட்டுக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் கொடுத்த பதில்களில் ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது.

அவளிடம் ஒரு பழக்கம். பட்டியலில் உள்ள வீடுகளுக்கு ஏப்ரல் மாதம் நேரில் போவாள். மாடி ஏறி, ஷூவைக் கழற்றிவிட்டு, விருந்தாளிக்குப் போட்டிருக்கும் கட்டிலில் மல்லாந்து படுப்பாள். சரியாக ஐந்து நிமிடம். வீட்டுக்காரி அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். எனிட் எழுந்து "சரி" என்பாள், அல்லது "மெத்தையை மாத்து" என்பாள். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. இப்படிச் செய்யச் சொல்லி எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை. "நான் படுக்காத கட்டில்ல இன்னொருத்தரைப் போய்ப் படுன்னு எப்படிச் சொல்றது?" என்று அவளே வகுத்துக்கொண்ட சட்டம் அது.

அதனால்தான் அவள் பேச்சுக்கு மதிப்பு. வருகிறவர்களை மேலும் கீழும் பார்ப்பாள். முட்டி வலி உண்டா, நாய் உண்டா, அலைச் சத்தம் கேட்டால் தூக்கம் வருமா போகுமா என்று விசாரிப்பாள். பிறகு தொலைபேசியை எடுப்பாள். வரும்போதே சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டி என்றால், சுவர் மெலிந்த வீடாகப் பார்த்து அனுப்புவாள். பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமே என்று குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். குசுகுசுவென்று எவ்வளவு நேரம்தான் சண்டை போட முடியும்? மூன்றாம் நாள் இருவரும் கை கோத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

பட்டியலில் முப்பத்தொரு வீடுகள். முப்பதில் அவள் படுத்திருக்கிறாள். மிச்சமிருந்தது கடைசி வரியில் இருந்த ஸ்டோன்கேட் பண்ணை. மேட்டின் மேல், ஏழு மைல் தள்ளி. அது அவளுடைய சொந்த அக்கா ஆலிவின் வீடு.

நடந்தது இதுதான். பதினான்கு வருடங்களுக்கு முன்பு எனிட்டுக்கு அந்த வேலை கிடைத்த வாரம், தேவாலயத் தேநீர் விருந்தில் மளிகைக்கடை மிஸஸ் வெரில் கேக்கை மென்றுகொண்டே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "இனிமே என்ன, வர்றவங்க எல்லாரும் ஸ்டோன்கேட்டுக்குத்தான். ஆலிவுக்கு யோகம்தான்."

எனிட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம். டம்ளரை 'டங்'கென்று வைத்தாள். "எங்க ஆலிவ் வீட்டுக்கு ஒரு ஈ காக்காயைக்கூட நான் அனுப்ப மாட்டேன். போதுமா?"

ஆலிவ் அங்கேதான் கேக் வெட்டிக்கொண்டு நின்றாள். தலை நிமிரவில்லை. அடுத்த துண்டை வெட்டினாள்.

சொன்ன சொல்லை எனிட் காப்பாற்றினாள். அதுதான் வினையே. ஆலிவ் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பொசுக்கென்று இறங்கி வந்திருப்பாள். ஆலிவ் கேட்கிற ரகமில்லை. கிறிஸ்துமஸுக்குப் பார்த்துக்கொள்வார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஆலிவின் கணவர் இறந்தபோதுகூட எனிட் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டுக் கீழேயே இருந்து திரும்பினாள். மாடிப்படியில் கால் வைக்கவில்லை.

இந்த ஜூலையில், கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "உங்க அக்கா பண்ணையை வித்துட்டாங்களாமே. நியூசிலாந்துல மகன்கிட்ட போறாங்களாம், செப்டம்பர் முப்பது."

"தெரியும்" என்றாள் எனிட். தெரியாது. கறியை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஊரெல்லாம் தெரிந்த பிறகு தனக்குத் தெரிகிறதே என்று இருந்தது. ஆலிவிடம் அல்ல, தன்னிடம்தான் கோபம். இருப்பது ஒரே அக்கா. நியூசிலாந்து போய்விட்டால் இந்த வயதில் மறுபடி பார்ப்பது ஏது? அன்றிலிருந்து தினமும் தொலைபேசியில் கை வைப்பாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கையை எடுத்துவிடுவாள். இப்படியே ஆகஸ்ட் வந்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ஊரே பிதுங்கி வழிந்தது. மதியத்துக்கு மேல் கடலிலிருந்து மூடுபனி ஏறி, எதிரே நின்ற கார்கூடத் தெரியவில்லை. மூன்று மணிக்கு நனைந்த கோழிகளாக இருவர் கொட்டகைக்குள் வந்தார்கள். அவருக்கு அறுபது இருக்கும், அந்த அம்மாளுக்கு ஒன்றிரண்டு குறைவு. பிராட்ஃபோர்டிலிருந்து வருகிறார்களாம்.

"ரூம் எதுவும் சொல்லி வைக்கலை" என்றார் அவர். "வியாழக்கிழமைதான் கல்யாணம் ஆச்சு. எனக்கும் ரெண்டாவது, இவளுக்கும் ரெண்டாவது. எங்க தங்கறதுன்னு பேசிப் பேசியே ரெண்டு நாள் போயிடுச்சு. எனக்குக் கடல், இவளுக்கு மேடு."

"முதல் சண்டையா?"

"அஞ்சாவது" என்றாள் அந்த அம்மாள். கவுண்டரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

எனிட்டுக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினாள். முப்பது வீடும் நிரம்பிவிட்டன. காதிலிருந்து தொலைபேசியை எடுத்துக் கீழே வைத்தாள்.

அந்த அம்மாள் பட்டியலைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். "கடைசில ஒண்ணு இருக்கே. ஸ்டோன்கேட். இதைக் கேட்டுப் பார்க்கலையே நீங்க?"

"அது மேட்டு மேல."

"எனக்கு வேணும்கறதே அதுதான். எப்படி இருக்கும்?"

எனிட் வாயைத் திறந்தாள். வராந்தா தூணில் ஏறியிருக்கும் ரோஜா, சமையலறை அடுப்பு, கிணற்றுத் தண்ணீரின் இரும்பு வாசனை எல்லாம் சொன்னாள். இந்த மாதம் மேடு முழுக்க ஊதாவாய்ப் பூத்துக் கிடக்கும் என்றாள். எல்லாம் கீழ்த்தளமும் வெளிப்புறமும்தான்.

"படுக்கை?"

எனிட் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க அங்க தங்கினதில்லையா, கண்ணு?" அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனிட் சாவிக்கொத்தை எடுத்தாள்.

"எதிர்ல டாட் டீக்கடைல போய் ஒரு டீ குடிங்க" என்றாள். "ஒரு மணி நேரம். நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"போன்லயே கேக்கலாமே?"

"கேக்கலாம். ஆனா படுக்க முடியாதே." பதினான்கு வருடத்தில் முதல்முறையாக ஐந்து மணிக்கு முன்னால் கவுண்டரைப் பூட்டினாள்.

மேட்டுச் சாலையில் பனிக்குள் காரில் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து போனாள். நடுரோட்டில் ஆடுகள் படுத்திருந்தன. ஏழு மைல் தூரமும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஆலிவ் கதவைத் திறந்ததும் எல்லாம் பறந்துவிட்டது.

"கவுண்டர்லேர்ந்து வர்றேன்" என்றாள். "ரெண்டு பேருக்கு ரூம் இருக்கா?"

ஆலிவ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பில் சுருட்டிய ஏப்ரன், கையில் பொட்டலம் கட்டும் கயிறு. "வாசல்ல நிக்காத. பனி உள்ள வருது."

கூடத்தில் கட்டிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. எனிட் அவற்றைப் பார்க்காமல் மாடி ஏறினாள். அறை சின்னது, வெளிச்சமானது. ஷூவைக் கழற்றினாள், மல்லாந்து படுத்தாள். ஆலிவ், எல்லா வீட்டுக்காரிகளையும் போல, அறை வாசலில் நின்றாள்.

நான்கு நிமிடம் போனது.

"ஏப்ரல் வந்தா அம்மா தைச்ச விரிப்பை எடுத்து இந்தக் கட்டில்ல போடுவேன்" என்றாள் ஆலிவ். குரலில் கோபம் இல்லை. "நீ வந்து படுப்பேன்னு. ஒரு மாசம் அப்படியே கிடக்கும். மே மாசம் மடிச்சு வெச்சுடுவேன்."

"எல்லா வருஷமுமா?"

"போன வருஷம் வரைக்கும்."

எனிட் கூரையைப் பார்த்தபடியே அழுதாள். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. துடைக்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல நீ."

"நீ ஒரு தடவை வந்திருக்கலாம்ல."

ஐந்து நிமிடம் முடிந்தது. எனிட் மூக்கை உறிஞ்சினாள். பொய் சொல்ல அவளுக்கு வராது, அன்றைக்கும் வரவில்லை. "ஆலிவ், இந்த மெத்தை சரியில்லை. நடுவுல குழி. ரெண்டு பேர் படுத்தா ஒருத்தர் மேல ஒருத்தர் உருளுவாங்க."

"தெரியும்டி. நீ அனுப்பாமலேயே வந்து தங்கற புருஷன் பெண்டாட்டி அதுக்காகத்தான் மறுவருஷமும் வர்றாங்க. பட்டியல்ல அதையும் எழுதிக்கோ."

"விளையாடாத."

"நகரு." ஆலிவ் செருப்பை உதறிவிட்டு மறுபக்கம் படுத்தாள். மெத்தை நடுவில் இறங்கியது. இரண்டு கிழவிகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குழிக்குள் விழுந்தார்கள். ஆலிவ்தான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. நின்ற பிறகும் யாரும் விலகிப் படுக்கவில்லை. ஆலிவின் தோள் முன்பைவிட எலும்பாக இருந்தது. எனிட் அதை உணர்ந்துகொண்டே படுத்திருந்தாள்.

"அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள் ஆலிவ் கடைசியில். "வரச் சொல்லு. நான் படுக்கையை விரிச்சு வைக்கிறேன்."

எனிட் கீழே இறங்கிக் கூடத்துத் தொலைபேசியில் டாட் கடைக்குப் பேசினாள். "டாட், அந்த பிராட்ஃபோர்டு ஜோடி இன்னும் அங்க இருக்கா? அவங்களை என் வீட்டுக்கு அனுப்பு. ஆமா, என் வீட்டுக்குத்தான். கதவு பூட்டலை, ஜன்னலைத் திறந்தா கடல்தான். மெத்தை நல்லாருக்கும், தினம் நான் படுக்கறதுதான். அந்த அம்மாகிட்ட சொல்லு, இந்தத் தடவை கடலாம், அடுத்த தடவை மேடாம்."

படி உச்சியில் ஆலிவ் நின்றாள், கையில் சாதா விரிப்பு. "ஏன் அங்க அனுப்பிட்ட? மெத்தை நல்லா இல்லைன்னா?"

"இங்க ரூம் இல்லை. ஆள் வந்தாச்சு."

"யாரு?"

எனிட் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "எனக்கு லீவு மிச்சம் கிடக்கு. செப்டம்பர் முப்பது வரைக்கும் இங்கதான்."

ஆலிவ் அந்தச் சாதா விரிப்பை மடித்துக் கைப்பிடிமேல் போட்டுவிட்டு மெதுவாக இறங்கி வந்தாள்.

"அம்மா விரிப்பு அந்த அடிப் பெட்டில இருக்கு" என்றாள். "இறுக்கிக் கட்டிட்டேன். வா, முடிச்சை நீ அவுரு."