வண்டி ஏன் நின்றது

அன்று காலை ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கேட் ஆபீசுக்குப் போன் வந்திருப்பதாகச் சொல்லி கூட வேலை பார்க்கும் ஆல்பர்ட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் என் மேசைக்கு எதிரே நின்றார். "வைத்தி சாரா?" என்றேன். தலையை ஆட்டினார். முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் வைத்தி சார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேனே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். செம்பூர்த் தொழிற்சாலையில் மீட்டர்களையும் கருவிகளையும் பழுது பார்க்கும் பிரிவில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர், மாட்டுங்காவில் குடியிருந்தார். நானும் ஆல்பர்ட்டும் தாராவி. ஊர்ப் பழக்கத்தில் என்னை "ஓய் செல்லையா" என்றுதான் கூப்பிடுவார். பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம் ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கினார். அன்று முதல் நாங்கள் இருவரும் சயான் முனையில் காத்து நிற்போம், அவர் வந்து ஏற்றிக்கொள்வார். அதற்கு முன்னால் பஸ்ஸில் போனோம், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிரான்சிஸ்டர் என்றால் நம்மில் பலருக்கும் கிரிக்கெட் கேட்கிற ரேடியோதான். வைத்தி சார் அதைக் காருக்குள் கொண்டுவந்தார். என்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற தீப்பொறிக்கு 'பாயிண்ட்' என்று இரண்டு சின்னத் துண்டுகள் ஓயாமல் ஒட்டிப் பிரிய வேண்டும். அவை கருகித் தேய்ந்துபோகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து டிரைவர்களுக்குக் கை அலுத்துவிடும். கருகவைக்கிற அந்த மின்சாரத்தை டிரான்சிஸ்டர் தாங்கிக்கொண்டால் பாயிண்ட் கருகாது, வண்டி நினைத்தபோது கிளம்பும் என்பது அவர் கணக்கு. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்துவிட்டு, லாமிங்டன் ரோட்டில் அலைந்து சாமான் வாங்கி, ஒரு அலுமினியப் பெட்டியை அவரே செய்து மாட்டினார். அவர் மனைவி கமலா மாமி அதை "டப்பா" என்றுதான் சொல்வார். எந்த நாளும் மரியாதையாகச் சொன்னதில்லை.

மாமி ஒரு நிபந்தனையும் போட்டார். டப்பா மக்கர் பண்ணினால் பழைய முறைக்கே மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். வைத்தி சாரும் வைத்தார். மேலே தள்ளினால் பெட்டி, கீழே தள்ளினால் பழைய வழி. ஆனால் வண்டி வழியில் நின்றால் அதைத் தொட விடமாட்டார்.

"சுவிட்சைப் போட்டா வண்டி ஓடிடும் ஓய். ஏன் நின்னதுங்கறது அதோட போயிடும். அப்புறம் எங்கே போய்த் தேடறது?" என்பார்.

போன மழைக்காலத்தில் சயான் முனையில், முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றது. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது. ஒரு டாக்சிக்காரர் தலையை நீட்டி, "ஏ மதராசி, காடி ஹடாவ்!" என்று வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்துகிறார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "டஹ்ரோ பாய், ஹம் காரண் டூண்ட்தா ஹை" என்கிறார். காரணத்தைத் தேடுகிறாராம்! "சார், சுவிட்சைப் போட்டுத் தொலைங்க, கேட்டுல லேட் மார்க் விழுந்துரும்லா" என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பிளக் ஒயரில் ஈரம் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்துத் துடைத்தார். "பெட்டி மேல தப்பில்லை, பாத்துக்கும்" என்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் ஆல்பர்ட்டுக்கும் லேட் மார்க் விழுந்தது.

பெட்டிக்கு ஆகாதது சூடு. டிரான்சிஸ்டர் சூடேறினால் சோர்ந்துவிடும், ஆறினால் தானே பிழைத்துக்கொள்ளும். அதனால் அதை என்ஜின் பக்கம் வைக்காமல், முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கிற பலகையின் உட்கோடியில் திருகியிருந்தார். அந்தப் பலகையில் வேறு எதையும் வைக்கக்கூடாது. ஆல்பர்ட் ஒருநாள் தன் டிபன் கேரியரை அங்கே வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதை அவரே சொல்வார். "அது மூச்சு விடணும் ஓய். உம்ம மூக்கு மேல சாம்பாரை வெச்சா நீர் சும்மா இருப்பீரா?" என்றாராம் வைத்தி சார். அன்று முதல் எங்கள் கேரியர்கள் எங்கள் மடியில்தான் பயணம் செய்தன.

இந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பர்நாத்தில் எங்கள் பழைய ஃபோர்மன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவரும் மாமியும் நானும் போனோம். சாப்பாடு முடிந்து திரும்பும்போது வெயில் கொளுத்தியது. தாணேயில் வண்டியை ஓரமாக நிறுத்தி, "நீர் ஓட்டும் ஓய், வாயு பிடிச்சிருக்கு போல" என்றார். அவர் பக்கத்து சீட்டுக்கு மாற, நான் ஓட்டினேன். வியர்க்கிறது என்று சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு உட்கார்ந்தார். பின்சீட்டிலிருந்து மாமி விசிறிக்கொண்டே வந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நாங்கள் இருவரும் சொல்லியும் கேட்கவில்லை. விக்ரோளி தாண்டிக் காட்கோபர் நெருங்கும் இடத்தில் என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

நான் வழக்கம்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இறங்குவார் என்று பார்த்திருந்தேன். அவர் இறங்கவில்லை.

"சுவிட்சைப் போடும்" என்றார்.

"ஏன் நின்னுச்சுன்னு பாக்க வேண்டாமா சார்?"

"இப்ப வேண்டாம் ஓய். போடும்."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயுவாவது ஒன்றாவது! சுவிட்சைக் கீழே தள்ளினேன், வண்டி கிளம்பியது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போல இருந்தார். கடைசியாக நான் பார்த்த அன்று கொஞ்சம் தெளிவாகவே இருந்தார். "ஏன் நின்னதுன்னு பாத்தீரா?" என்று கேட்டார். "நீங்க எந்திரிச்சு வாங்க சார், சேந்து பாப்போம்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நீரே பாரும். பெட்டின்னா பெட்டின்னு சொல்லிடும். எனக்காகப் பூசி மெழுகாதேயும்" என்றார். மறுநாள் காலையில்தான் அந்தப் போன்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மாமி என்னைக் கூப்பிட்டார். வழியில் நின்ற அந்தச் சில நிமிஷங்களால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். மாமியின் மனசு ஆறவில்லை.

"அந்த டப்பாதான் அவரைக் கொன்னுது செல்லையா. கழட்டிக் கடல்ல எறிஞ்சுடுங்கோ" என்றார்.

அப்படித்தானோ என்று எனக்கும் இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு கீழே போனேன். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நான் கொண்டுவந்து நிறுத்திய இடத்திலேயே தூசி படிந்து நின்றது வண்டி. திருகைக் கழற்றப் பலகைக்குள் கையை விட்டேன். துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். அவருடைய நீலக் கோடு போட்ட சட்டை. அன்று கழற்றியவர் சுருட்டித் தன் எதிரே செருகியிருக்கிறார். அது நேராகப் போய்ப் பெட்டியை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது. எங்களை ஒரு டிபன் கேரியர்கூட வைக்க விடாத மனுஷர். வலியில் அவருக்கு அது நினைவில்லாமல் போயிருக்கிறது. பையில் பேனாவும், மடித்த உப்புத்தாள் துண்டும் இருந்தன. நான் அந்த முன்சீட்டிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

சட்டையை மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தாராம். மடியில் வைத்துக்கொண்டு தடவினார். பிறகு, "இதனாலதான்னு எப்படிச் சொல்றேள்? எனக்காகச் சொல்லாதீங்கோ" என்றார். இருபது வருஷம் வைத்தி சாரோடு குடித்தனம் பண்ணியவர் வேறு எப்படிக் கேட்பார்?

"ஓட்டிப் பாத்துருவோம் மாமி" என்றேன்.

"நானும் வரேன்."

அவர் வெளியே இறங்கினால் பில்டிங்கில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிற சமயம் அது. மாமி யாரையும் பார்க்கவில்லை. சட்டையை எடுத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். சுவிட்ச் மேலே இருக்க, அதே மாதிரி வெயிலில், பெட்டிமேல் எதையும் போடாமல் தாணே வரைக்கும் போனோம். வண்டி ஒரு தரம்கூடத் தயங்கவில்லை. தாணேயில் திருப்பும்போது, பெட்டியை மூட நான் என் தோள்துண்டை எடுத்தேன். "அது வேண்டாம். அன்னிக்கு எது இருந்ததோ அதுவே இருக்கட்டும்" என்று சட்டையைச் சுருட்டித் தன் கையாலேயே உள்ளே செருகினார். விக்ரோளி தாண்டியதும் என்ஜின் இருமியது. நின்றது.

பழக்கதோஷத்தில் என் கை சுவிட்சுக்குப் போயிற்று. மாமி என் கையைத் தட்டிவிட்டார்.

"போடாதீங்கோ. ஆறட்டும்."

சட்டையை வெளியே எடுத்துக்கொண்டு பெட்டியைத் தொட்டவர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போயின. காத்திருந்தோம். அவர் மறுபடி தொட்டுப் பார்த்துத் தலையசைத்ததும் சாவியைத் திருப்பினேன். சுவிட்ச் மேலேயே இருக்க, வண்டி கிளம்பியது. மாமி அன்றுதான் என் முன்னால் வாய்விட்டு அழுதார். "அவர் ஆசை ஆசையாப் பண்ணினது. திட்டித் தீர்த்தேனே" என்றார்.

பெட்டியை நாங்கள் எறியவில்லை. மாதத்துக்கு ஒரு தரமாவது மாமியை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியை ஓட்டுகிறேன். உப்புத்தாள் துண்டை மாமி எனக்குக் கொடுத்துவிட்டார், என் சட்டைப் பையில் இருக்கிறது. எது பழுதானாலும், ஓடவைத்தால் போதும் என்று கை பறக்கும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். வைத்தி சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.

வைத்தி சார், ஏன் நின்றது என்று கேட்டீர்கள். உங்கள் சட்டைதான் அதன் மூச்சை அடைத்தது. ஒரு சட்டை மேலே கிடந்தால் நின்றுபோகிற பெட்டியை முழுக்க நம்ப முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூசி மெழுகவில்லை. வேண்டுமானால் மாமியைக் கேளுங்கள், கூடவே இருந்து பார்த்தார். சட்டை அவரிடம்தான் இருக்கிறது. இன்னும் துவைக்கவில்லை.