கப்பலில் செய்த சத்தியம்

சகோதர சகோதரிகளே, என் மகன் சாமுவேலுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று எங்கள் தெருவே நம்பியது. நானும் நம்பினேன்.

எழுபதுகளின் கடைசி அது. நம் பக்கம் மதுவிலக்கு. காலேஜ் லீவுக்கு அவனும், எங்கள் கோவில்பட்டியிலேயே இருந்த தங்கராஜும், புதியம்புத்தூர் எபனேசரும் கொழும்புக்குப் போனார்கள். எபனேசரின் மாமா அங்கே கடை வைத்திருந்தார். இரண்டு மாதம் ஊர் சுற்றிவிட்டுக் கப்பலேறி வந்தார்கள்.

வந்த மறுநாளே சாமுவேலுக்குக் கை நடுங்கியது. சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினான். வலிப்பு வந்தது. "கடல் தாண்டி வந்ததுல என்னமோ தொத்திக்கிட்டு" என்றார்கள். உபதேசியார் வந்து உபவாச ஜெபம் வைத்தார். பிசாசைப் பட்டினி போட வேண்டும் என்று யாரோ சொல்ல, பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கட்டிலோடு கட்டிப்போட்டோம். பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், "நீ யாரு?" என்று என்னையே கேட்டான். ஜெபக் கூட்டம் பிசாசை விரட்டிக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டுக் கதறினேன்.

"ஆண்டவரே, இது பேயின்னா நீரே விரட்டும். இல்லன்னா, என்னன்னு தெரிஞ்சவன் வாயத் திறந்துவிடும்!"

பின்னால் முழங்காலில் நின்ற தங்கராஜ் ஓவென்று அழுதான்.

"அத்தை, பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்கன காலையில எந்திச்சா சாராயம், படுக்கப் போனா சாராயம். இங்கன வந்து நின்னுபோச்சில்லா, அதான். எனக்கும் கை நடுங்குது. ஊர்ல மூச்சு விடக்கூடாதுன்னு கப்பல்ல மூணு பேரும் வேதத்து மேல கை வச்சிச் சத்தியம் பண்ணிட்டோம்."

"ஏலே, நாசமாப் போறவனே! எம் பிள்ள செத்த பொறவும் அந்தச் சத்தியத்தைக் காப்பாத்துவியோ?" என்று அறைந்தேன். அடுத்த நிமிஷம் அவனையே கட்டிக்கொண்டு அழுதேன்.

கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும் என்றார் டாக்டர். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். மறுநாள் காலையில் சாமுவேல் கண் திறந்து, "எம்மா, தண்ணி" என்றான். ஸ்தோத்திரம்! அதற்குப் பிறகு அவன் குடியைத் தொட்டதில்லை.

அன்றைக்கே, எபனேசர் வீட்டிலும் உண்மையைச் சொல்ல என் வீட்டுக்காரர் புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறினார். வாசலில் துக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கேயும் மூன்று நாள் ஜெபம் நடந்திருக்கிறது. எங்களைவிட உருக்கமாகவே ஜெபித்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தவர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள், அன்பானவர்களே. வெட்கப்படாமல், உள்ளதை உள்ளபடி, சத்தமாகச் சொல்லி ஜெபியுங்கள். கர்த்தர் கேட்பார். பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவரும் கேட்கட்டும்.