மருந்து என்று சொல்லாத மதினி

அந்தத் தகர டப்பாவின் மேல் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு குத்துக்கல்வலசை வயல்களுக்கு நான் போனது அறுபதுகளின் தொடக்கத்தில். சர்க்காரில் கிராம சேவக் வேலை, புது உத்தியோகம், தலைக்கனத்துக்குக் குறைவில்லை. நண்டு வளை தோண்டி வரப்பை உடைக்கிறது, இந்த மருந்தை வாய்க்காலில் கலந்தால் ஒழிந்துவிடும் என்று மேலே சொல்லியிருந்தார்கள். எல்லோரும் வாங்கினார்கள். அண்ணன் இறந்தபின் அவனுடைய குத்தகை நிலத்தைத் தனியாளாகப் பயிரிட்டுவந்த என் மதினி மட்டும் வாங்கவில்லை.

“இதைக் குடிச்சா என்னாகும் தம்பி?” என்று கேட்டாள். செத்துப்போவோம் என்றேன்.

“பொறவு என்ன மருந்து? வெசம்னு சொல்லுங்க. இந்தத் தண்ணி சிற்றாத்துக்குல்லா போவுது. நண்டைத் திங்கதுக்கு அங்கன நீர்நாய் இருக்கு. கூலிக்காரங்க வயல் மீனைப் புடிச்சுத்தான் கொழம்பு வைக்காங்க. எல்லாம் செத்தா ஒங்க ஆபீசா கொழம்பு ஊத்தும்?”

நண்டு வளைகளைச் சேறு வைத்து அவளே மிதித்து அடைத்தாள். உரத்துக்குக் கொழிஞ்சிச் செடியை மடக்கி உழுதாள். நண்டோடு கலந்த நீர்நாய் எச்சம் வரப்பில் கிடந்தால் அதைச் செதுக்கவிடமாட்டாள். ஊர் அவளைக் கிறுக்கச்சி என்றது. நிலத்துக்காரர், மருந்து போடாதவளுக்கு அடுத்த பிசானப் பருவத்துக்கு நிலம் கிடையாது என்று சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. குத்தகைக்காரரை நினைத்தபடி நிலத்தைவிட்டு இறக்க முடியாதென்று சட்டம் இருந்தது. அது தெரிந்தும் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நான் மருந்து கொடுத்த வயல்களில் மீன்கள் மல்லாந்து மிதந்தன. கார் பருவ அறுப்பில் மதினியின் வயல் விளைச்சல் யாருக்கும் குறைவாக இல்லை. கொக்குகளும் அங்கேதான் இறங்கின. இப்போது நஞ்சில்லா வேளாண்மை, வனவிலங்குப் பாதுகாப்பு என்று மேடை போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். எனக்கு எதற்கு? விஷத்தைச் சுமந்தவன் நான்.

அந்த வருஷம் ஐப்பசியில், யாரையும் கேட்காமல் மதினி நடவுப் பெண்களோடு இறங்கி நடவைத் தொடங்கினாள். சேதி கேட்டு நிலத்துக்காரர் குடையோடு வந்து வரப்பில் நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

அவள் குனிந்தபடியே சொன்னாள்: “பாதி நட்டாச்சு அண்ணாச்சி. வேண்டாம்னா நீங்களே எறங்கிப் பிடுங்கிப் போடுங்க.”

நட்ட பயிரைப் பிடுங்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் கை வராது. அவர் என் பக்கம் திரும்பினார். “என்னவே, சர்க்கார் ஆளு நீரு. பாத்துக்கிட்டு நிக்கீரு?”

“அவங்களை எறக்க முடியாது அண்ணாச்சி. சட்டம் இருக்கு. நான் குடுத்ததும் வெசந்தான்” என்றேன்.

பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வயலில் இறங்கி, பெண்களோடு பெண்ணாக நாற்றை வாங்கி நட ஆரம்பித்தேன்.