மச்சில் இருந்த இடம்

கனமழை எச்சரிக்கை என்று கைப்பேசி அலறியதும் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "சாமானெல்லாம் மேல ஏத்து கண்ணு." அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

தொண்ணூறுகளில், காரமடைப் பக்கம், பள்ளம் என்று நாங்கள் சொல்லும் ஓடையை ஒட்டியிருந்தது எங்கள் தோட்டத்து வீடு. மலைப்பக்கம் வானம் கறுத்தாலே அப்பா நெல் மூட்டை, மண்ணெண்ணெய் டின், விதைக்கடலை எல்லாவற்றையும் மச்சில் ஏற்றிவிடுவார். ஊரே அவருடைய முன்யோசனையை மெச்சும்.

அன்று மத்தியானம் பள்ளம் கரையை மீறியது. நாங்கள் மச்சுக்கு ஏறிவிட்டோம். எங்கள் மாட்டில் பால் கறக்க வரும் மாராத்தாள், இடுப்பளவுத் தண்ணீரில் கைக்குழந்தையோடு வந்து ஏணியைப் பிடித்தாள்.

"சாமி, கொழந்தைய மட்டுமாச்சும் வாங்கிக்கங்க."

"எடமில்ல மாராத்தா. கோயில் மேட்டுக்கு ஓடு" என்ற அப்பா, ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்.

நான் கடலை மூட்டையிலிருந்து இறங்கி நகர்ந்து உட்கார்ந்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

மாராத்தாள் பிழைத்துக்கொண்டாள். குழந்தையை மூன்றாம் நாள் வேலி முள்ளிலிருந்து எடுத்தார்கள். அடுத்த வாரம் அவள் வேலைக்கு வந்தாள். வேறு போக்கிடம் இல்லை. பால் கட்டி அவளது ரவிக்கை நனைந்திருந்தது. மாட்டுக்கடியில் குந்தியவளிடம், "சிந்தாமக் கற" என்றார் அப்பா.

"மாராத்தாள் நெனப்பிருக்குதுங்களாப்பா?" என்று இப்போது கட்டிலருகே நின்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார்.

"எந்த மாராத்தா? மொதல்ல அரிசி மூட்டைய ஏத்து."