விலைக்கு வந்த வீடுகளும் என் கறுப்புத் துணியும்

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய பிறகு, நம் ஊரில் பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வருகின்றன. வாங்க நினைக்கிறவரோ கோயமுத்தூரிலோ காரைக்குடியிலோ உட்கார்ந்திருக்கிறார். நேரில் வந்து பார்க்க அவகாசமில்லை, படம் அனுப்பச் சொல்கிறார். இப்படித்தான் மண்ணடியில் கல்யாண ஜோடிகளைப் படம் பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு, போன மாசி மாதம் வீடுகளைப் படம் பிடிக்கும் வேலை வந்தது. வீடு கண்ணை மூடாது. அசையாது. 'நான் இவ்வளவு கறுப்பா?' என்று மறுநாள் சண்டைக்கு வராது. சுகமான வேலை என்றுதான் நினைத்தேன்.

தரகர் நாயுடு சொன்னது மூன்று வீடுகள்: எண்ணூர்ப் பக்கம் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று, ராயபுரத்தில் ஒன்று. எனக்குக் கிட்ட இருப்பது ராயபுரம். ஆனாலும் தொலைவில் இருப்பதிலிருந்து தொடங்கினோம். எண்ணூர் வீடு கடலைப் பார்த்தது, காலை வெயில்தான் அதன் முகத்தில் விழும். ராயபுரத்து வீடு மேற்கே பார்த்தது, மூன்று மணிக்கு முன்னால் போனால் வாசல் இருட்டாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் காமிராவோடு கிளம்புகிறவர்கள், ரயில் நேரத்தை விசாரிக்கும் முன் வாசல் எந்தத் திசை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் ஸ்டேஷனில் ஆறே காலுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு மூன்றரை அணா, தூரம் ஒன்பது மைல் போல. ஜன்னலோரம் உட்காரும் ஆசையைக் கொருக்குப்பேட்டை தாண்டும் வரை அடக்கிக்கொள்ளுங்கள். அங்கே கூட்ஸ் வண்டிகள் நிற்கிற இடத்தில் பறந்த கரித்தூள் என் வெள்ளைச் சட்டையில் ஒரு கையை மட்டும் கறுப்பாக்கிவிட்டது. அன்று பூரா நாயுடு என்னை அந்தக் கையைப் பார்த்தே பேசினார்.

எண்ணூரிலிருந்து காத்திவாக்கம் பக்கம் ஒன்றரை மைல், ஜட்கா எட்டணா. பங்களா மதில் முழுவதும் மீன்பிடி வலை காய்ந்துகொண்டிருந்தது. நாயுடு பதறிவிட்டார். வலைக்காரர் பதறவில்லை.

"ஈரம் கீது சார். வெயிலு ஏறட்டும், நானே எடுத்துக்கினு பூடுறேன்" என்றார்.

"வலை தெரிஞ்சா மீன் நாத்தம்னு வாங்கறவர் நினைப்பாரே" என்றார் நாயுடு.

"படத்தில் எப்படி நாயுடு நாத்தம் வரும்?"

"வரும். உமக்குத் தெரியாது."

வலை காய்கிற வரை மதிலோரம் உட்கார்ந்து ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். வெயில் ஏறி, வலை போய், படமும் நன்றாக வந்தது. திருவொற்றியூருக்கு பஸ், நாலு மைல். அங்கே சாவி வைத்திருந்தவர் பொன்னேரிக்குப் போய்விட்டார். வெளியிலிருந்தே ஒன்று எடுத்துவிட்டு, கோயில் பக்கத்து ஓட்டலில் பத்தணாவுக்குச் சாப்பிட்டோம். ரசம் அருமை. அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ராயபுரம் வந்து சேரும்போது மணி மூன்றரை. மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, பச்சை மர ஜன்னல்களோடு ஒரு மாடி வீடு. கட்டியவர் ஒரு கப்பல் கேப்டனாம். இப்போதைய சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார். கீழ்க்கட்டில் பதினைந்து வருஷமாக ஆரோக்கியம்மா குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. நாயுடு வழியிலேயே சொல்லிவிட்டார்: "படத்தில் ஒரு பானை, ஒரு பாய்கூடத் தெரியக் கூடாது. குடியிருக்கிற ஆளைக் காலி பண்ண வைக்கிறது இப்போ லேசில்லை, சட்டம் அப்படி. ஆள் இருக்கிறது தெரிஞ்சா விலை படுத்துடும்."

எதிர்ப்புறம் ஸ்டாண்டை நிறுத்தி, காமிராவின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினேன். போர்த்தியதுதான் தாமதம், தெரு அடங்கிவிட்டது. கோலி விளையாடிய பையன்களை யாரோ அதட்டி உட்கார வைத்தார்கள். ரிக்‌ஷாக்காரர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவர் மணியடிக்கச் சொல்லிக் கோயிலுக்கே ஓடிவிட்டார்.

"ஆரு நைனா பூட்டாங்க?" என்று ரிக்‌ஷாக்காரர் மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தில் கல்யாணப் படம் என்றால் ஜோடியே ஸ்டூடியோவுக்கு வந்துவிடும். ஸ்டூடியோ வீட்டுக்கு வருவது சாவுக்கு மட்டும்தான். சவப்பெட்டியைச் சற்றுத் தலைப்பக்கம் தூக்கிச் சாய்த்து, சொந்தமும் தெருவும் சுற்றி நிற்க ஒரு படம். நானே எத்தனையோ எடுத்திருக்கிறேன், அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை.

தெரு ஏன் அடங்கிவிட்டது என்று பார்க்க ஆரோக்கியம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தார். கூட்டம் மொத்தமாக மூச்சு விட்டது.

"நீ நல்லாத்தான் கீறியா!"

"நான் இன்னாத்துக்குடி சாவணும்? ஈஸ்டர் முடிஞ்சதும் பொண்ணு கல்யாணம் கீது!" என்றவர் என்னைப் பார்த்தார். "நீ இன்னாத்துக்கு வந்துகீறே?"

நாயுடு முந்திக்கொண்டார். "பெங்களூர் ஐயா வீட்டைப் பார்க்கணும்னு ஆசைப்படறார்."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா! நாங்க எவ்ளோ நல்லா வச்சிகினு கீறோம்னு பாக்கட்டும்" என்று மகளைக் கூப்பிட்டார். கரண்டியை உள்ளே வைத்துவிட்டு இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். நாயுடு என் காதில், "தகடு போடாம சும்மா மூடியைத் திறந்து மூடும். அவங்க போனதும் நிஜமா எடுத்துக்கலாம்" என்றார். காமிராவுக்குள் தகடு இல்லாவிட்டால் படம் விழாது; எங்கள் தொழிலில் இது சகஜம்தான். அடம்பிடிக்கிற குழந்தைகளுக்கு நானும் செய்ததுண்டு.

துணிக்குள் தலையை விட்டேன். காமிராக் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாக நின்றுகொண்டு ஆரோக்கியம்மா மகளின் முன்நெற்றி முடியை எச்சில் தொட்டுப் படிய வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய தர்ம நியாயமெல்லாம் கிடையாது. ஆனால் அதைப் பார்த்த பிறகு வெறும் மூடியைத் திறந்து மூட மனம் வரவில்லை. வெளியே வந்து சொல்லிவிட்டேன்.

"அம்மா, வீடு விலைக்கு வந்திருக்கு. அதுக்குத்தான் படம்."

நாயுடு என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஆரோக்கியம்மா அவரைப் பார்த்தார்.

"ஈஸ்டருக்குள்ள காலி பண்ணணுமா?"

நாயுடு ஜன்னல்களை எண்ணுகிறவர் போல மாடியைப் பார்த்தார். அந்த அம்மாள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. தெருவைத் திரும்பிப் பார்த்து, "சாவுன்னுதான வந்தீங்க? வந்து நில்லுங்க எல்லாரும்" என்றார். பிறகு என்னிடம், "சாவுக்கு எடுக்கிற மாதிரியே எடு. பெங்களூரு ஐயாவுக்கு ஒண்ணு அனுப்பு. எம்பொண்ணு கல்யாணம் இந்த வாசல்லேந்து நடக்கணும். அப்பால நாங்களே வுட்டுட்டுப் பூடுறோம்னு எழுது" என்றார்.

வந்து நின்றார்கள். யாரும் யாருக்கும் இடம் சொல்லித் தரவில்லை, பழகிய வேலை. நடுவில் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் திறந்த வாசலை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் வளைந்து நின்றார்கள். மணியடிக்கச் சொல்ல ஓடிப்போனவரும் திரும்பி வந்து ஓரத்தில் நின்றுகொண்டார். தகடு போட்டு, மூடியைத் திறந்து நாலு எண்ணினேன். ஒருவரும் அசையவில்லை. மூடியை மாட்டினேன்.

அந்தப் படத்தை ஆரோக்கியம்மா சொன்ன சேதியோடு பெங்களூருக்கு அனுப்பினேன். கல்யாணம் முடியட்டும், பிறகு விற்கலாம் என்று சொந்தக்காரர் நாயுடுவுக்கு எழுதிவிட்டார். நாயுடு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார், கல்யாணச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து என் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்தார். பெண் அந்த வாசலிலிருந்துதான் காகிதத் தோரணத்துக்குக் கீழே கோயிலுக்குப் புறப்பட்டாள். அந்தப் படமும் நான்தான் எடுத்தேன்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நினைத்ததைவிட இரண்டு தகடு கூடுதலாக எடுத்துப் போங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். ராயபுரத்தில் ஸ்டாண்டை நிறுத்தும் முன், தெருமுனையிலேயே வீட்டைத்தான் படம் பிடிக்க வந்தேன் என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். அப்படியும் கூட்டம் சேர்ந்தால் விரட்டாதீர்கள், ஒரு தகடு போனால் போகிறது.

ஆடி மாதம் நாயுடு மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்தார். வீடு காலியாகிவிட்டதாம். ஆரோக்கியம்மா கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையோரம் ஓர் அறைக்குப் போய்விட்டாராம். மூன்றரை மணிக்கு அதே இடத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, அதே கறுப்புத் துணியைப் போர்த்தினேன். வெயில் வாசலில் நேராக விழுந்தது. பானையில்லை, பாயில்லை, நாயுடு கேட்ட மாதிரியே இருந்தது. துணிக்குள் போகாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். பையன்கள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதே ரிக்‌ஷாக்காரர் மணியடித்தபடி என்னைத் தாண்டிப் போனார். யார் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.