நாற்காலி உறையைக் கிழிக்கச் சொன்ன மனிதர்

சாந்தாராம் சார் போய்விட்ட செய்தியை எனக்கு முதலில் கொண்டுவந்தவர் பால்காரர். செவ்வாய்க்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, டைப்பிஸ்ட் சார் கதவத் தொறக்கல. மணி அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன்" என்றார். மாற்றுச் சாவி என்னிடம்தான் இருக்கும். அறுபத்தாறு வயதில் இரண்டு தெருவை ஒரே ஓட்டமாக ஓடினேன். கதவைத் திறந்தேன். மற்றதை எழுத வேண்டாம்.

தத்தனேரி மயானத்துக்கு ஊரே திரண்டு வந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நம் குடியிருப்போர் சங்கத்து மனுக்களை நான் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்தவர் அவர். "ஆயிரம் குடும்பம் தண்ணி இல்லாமத் தவிக்குதுன்னு போடுங்க சார்" என்பேன். "நம்ம சங்கத்துல முப்பத்தெட்டு வீடுண்ணே" என்று முப்பத்தெட்டையே அடிப்பார். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். பதினோரு பேர் வந்திருந்தோம். அதில் ஒருவர் வண்டி ஓட்டியவர்.

கே.கே. நகரில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் நீதிமன்றத்தில் தலைமைத் தட்டச்சராக இருந்தவர், அதிகம் பேசாதவர், வெள்ளைச் சட்டை போடுபவர். எனக்கு அவர் யார் என்பதைச் சொல்ல என் கணிப்பொறி மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பேரையூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். நான் மிதித்த இடத்தில் பாறை தானாக விலகித் தண்ணீர் விட்டதாக இன்றும் பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான் என்றாலும் பேச்சு உண்டு. என் மனைவி இறந்த மறு வருடம், அமெரிக்காவில் இருக்கும் என் மகன் செந்தில் ஒரு கணிப்பொறி வாங்க ஏற்பாடு செய்தான். "ஞாயித்துக்கிழமை காலையில மூஞ்சியப் பாத்துப் பேசலாம்ப்பா. நல்ல சேரா ஒண்ணு நீங்களே பாத்து வாங்கிக்கங்க" என்றான்.

சும்மா விடுவேனா? ஆசாரியை வரவழைத்து முழுத் தேக்கில் ஆறடி மேசை செய்தேன். மேலே கண்ணாடி, பக்கத்துக்கு மூன்று இழுப்பறை. மதுரை ஜில்லாவிலேயே வீட்டுக் கணிப்பொறிக்கு அப்படி ஒரு மேசை கிடையாது. நாற்காலியை வாங்கியதும் என் முறைப்படிதான். கடைக்காரர் உட்கார்ந்து பாருங்கள் என்றார். நான் அவரை அதில் உட்காரவைத்து, எதிரே ஸ்டூலில் நான் உட்கார்ந்து பார்த்தேன். வருகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதானே முக்கியம். தலைக்கு மேல் முதுகு உயர்ந்த கறுப்பு நாற்காலி. "கலெக்டர் ஆபீஸ்ல கூட இது இல்லண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு வாங்கிவிட்டேன்.

ஆனால் அதில் என்னால் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடி இழுப்பறையில் இடித்ததால் கிட்டே நகர முடியாது. விசைப்பலகை என் நெஞ்சுக்கு நேராக இருக்கும். திரையை அழகுக்காக ஓரத்தில் வைத்திருந்ததால் கழுத்தைத் திருப்பியே பேச வேண்டும். கால் தரையில் பாவாது. செந்தில் முகம் திரையில் வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் இடுப்பில் கடப்பாரை இறங்கும். மகனிடம் வலி என்று சொல்ல எனக்கு வாய் வராது. "யாரோ வந்திருக்காங்கப்பா, வீடு முழுக்கக் கூட்டம்" என்று சொல்லி அணைத்துவிடுவேன். வீட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன். சில மாதம் கழித்து அவன் கேட்டான்: "என்னோட பேசப் பிடிக்கலையாப்பா?" அடுத்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்ததும் கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மனு அடிக்க சாந்தாராம் சார் என் வீட்டுக்கு வந்தார். மேசையைக் காட்டினேன். ஆள் அசரவில்லை. என்னை உட்காரச் சொல்லி, பக்கவாட்டில் நின்று, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல என் காலைப் பார்த்தார்.

"எத்தன அடிண்ணே தோண்டியிருப்பீங்க இதுவரைக்கும்?"

"ஒரு லட்சம் அடி இருக்கும் சார்."

"அம்புட்டு அடி அளந்தவரு, தரையிலருந்து உங்க முழங்கால் எம்புட்டுன்னு அளந்ததில்லையே."

மறுநாள் அளவு நாடாவோடு வந்தார். முழங்கால் மடிப்பிலிருந்து தரைக்கு, இருக்கையிலிருந்து முழங்கைக்கு, தரையிலிருந்து கண்ணுக்கு என்று தையற்காரர் மாதிரி அளந்து ஒரு தாளில் குறித்தார். பாதம் தரையில் முழுசாகப் பாவ வேண்டும், தோளைத் தூக்காமல் முழங்கை மடிந்த உயரத்தில் விசைப்பலகை இருக்க வேண்டும், திரை நேர் எதிரே, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில். முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர் சொன்னது இவ்வளவுதான். கடைசியில், "மேசைக் கால்ல மூணு அங்குலம் அறுக்கணும்" என்றார்.

என் தேக்கு மேசையையா? இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் நானே ஆசாரியைக் கூட்டிவந்தேன். அறுத்தபோது சாரும் வந்து நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "உங்க காலையா அறுக்குறாங்க? இங்கிட்டுத் திரும்புங்கண்ணே" என்றார்.

இருக்கையை இறக்கினோம், இழுப்பறையைக் கழற்றினோம், திரையை நடுவுக்குக் கொண்டுவந்தோம், முதுகுக்குத் துண்டைச் சுருட்டி வைத்தோம். அப்போதும் நான் நாற்காலியில் வழுக்கி வழுக்கி முன்னால் வந்துகொண்டிருந்தேன். காரணம் அவருக்கு முதல் நாளே தெரியும். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை நான் எடுக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இதக் கிழிங்க."

"அது மட்டும் வேணாம் சார். செந்தில் வந்து பாக்கும்போது புதுசா இருக்கணும்."

"எப்ப வாரதாச் சொன்னாரு?"

அடுத்த தீபாவளிக்கு என்று வாய் வரை வந்தது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். அவரிடம் வரவில்லை. "சொல்லல" என்றேன்.

அவர் உறையின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாரவரு வரும்போது வரட்டும். இருக்கிறவரு உக்காரணும்லண்ணே."

கிழித்தேன். ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் கிள்ளி எடுத்தேன். அவர் உதவிக்கு வரவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிறு நானே செந்திலைக் கூப்பிட்டேன். ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். அவன் அம்மா வைத்த புளிக்குழம்பைப் பற்றி மட்டுமே அரை மணி. இடையில் அவன், "என்னப்பா, இன்னைக்கு யாரும் வரலையா?" என்றான். "வரச் சொல்லலப்பா" என்றேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் சார் வந்துவிடுவார். திரையில் தெரியாதபடி சன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். பேச்சு முடிந்ததும் இருவரும் காபி குடிப்போம். பிள்ளை இல்லாதவர். மனைவி போய் ஆறு வருடம். கணவனும் மனைவியும் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழி பேசுவார்கள். அந்த அம்மா போன பின் வீட்டில் அதைக் கேட்கக் காதில்லை. ஒருநாள் தயங்கி, "நான் கொஞ்சம் உக்காரலாமா?" என்றார். எனக்கு அளந்த இருக்கையைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முதுகு நேராக, தோள் தளர்ந்து, விசைகளைப் பார்க்காமல் மழை பெய்கிற மாதிரி ஒரு பக்கம் அடித்தார். ஆங்கில எழுத்துதான், ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு சொல்கூட அதில் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு முழுவதையும் அழித்தார்.

"என்ன சார் அடிச்சீங்க?"

"வீட்டுல பேசுறது" என்றார். காபி ஆறுவதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

அவர் காலமான பின் வந்த ஞாயிறு, செந்தில் திரையில் வந்தான். விஷயத்தைச் சொன்னேன். "நிறையப் பேர் வந்திருந்தாங்களாப்பா?" என்றான். பதினோரு பேர் என்றேன். என் வாயிலிருந்து அவன் கேட்ட ஆகச் சிறிய எண் அதுவாகத்தான் இருக்கும். "இப்ப வீட்டுல யாரு இருக்கா?" என்றான். எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கலாம். "யாருமில்லப்பா. ரொம்ப நாளாவே யாருமில்ல" என்றேன்.

அவனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும் வரவில்லை. முன்பென்றால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி அணைத்திருப்பேன். பாதம் தரையில் பாவியிருந்தது, முதுகு சாய்ந்திருந்தது, அவன் முகம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மேசையும் நாற்காலியும் நான் வாங்கியவை. சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் எழுந்து போகாமல் இருக்க முடிகிறதே, அது சாந்தாராம் சார் எனக்கு விட்டுப்போனது.